பீட்டா குளோபின்: ஒரு புரதம் பிறக்கும் வழியும் அது தடுமாறும் இடங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்டா குளோபின் என்ற ரத்தப் புரதம் போதிய அளவு தயாராகாததால் வரும் பரம்பரை ரத்தசோகை நோய்தான் பீட்டா தாலசீமியா. அது உள்ள குழந்தைகளின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில், நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் வரி ஒன்று உண்டு: ‘ஐ.வி.எஸ். 1-5, ஜி இடத்தில் சி’. இந்தியாவில் பீட்டா தாலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் மரபணுப் பிழை இதுதான். ஜி, சி என்பவை டி.என்.ஏ.வை ஆக்கும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளில் இரண்டு. அந்த அறிக்கை வரி புரியவேண்டுமென்றால், செல் எப்படி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வையும், அதிலிருந்து புரதத்தையும் உண்டாக்குகிறது என்பது தெரிய வேண்டும். ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை அதன் கூடவே போனால் இது நன்றாக விளங்கும். பீட்டா குளோபினையே எடுத்துக்கொள்வோம்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஒவ்வொரு சங்கிலியும் இரும்பு அணு கொண்ட ஹீம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஆல்ஃபாவுக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, பீட்டாவுக்கானது 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. வெவ்வேறு இடங்களில் இருந்தாலும் இரண்டு சங்கிலிகளும் ஏறக்குறைய சம அளவில் தயாராக வேண்டும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன என்றால், இந்தக் கணக்கு எவ்வளவு கண்டிப்பாக நடக்க வேண்டும் என்று பாருங்கள்.

பீட்டா குளோபின் மரபணு தோல், மூளை, ஈரல் என்று உடலின் எல்லா உட்கருக்களிலும் இருக்கிறது. ஆனால் அது திறக்கப்படுவது எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாக மாறப்போகும் செல்களில் மட்டும்தான். பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி வளைந்து வந்து மரபணுவின் முன்பகுதியைத் தொட்டால்தான் வேலை சூடுபிடிக்கும். கருவில் இருக்கும்போது அந்தத் தொடர்பு காமா குளோபின் என்ற வேறொரு மரபணுவோடு இருக்கும். பிறந்த சில மாதங்களில் அது பீட்டாவுக்கு மாறும். பீட்டா மரபணு பழுதாக இருந்தும் குழந்தை பிறக்கும்போது நல்ல நிறத்தோடு இருப்பதும், ஆறு மாதத்துக்குப் பிறகு வெளுக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

மரபணு திறந்ததும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரித்து, ஒன்றை மட்டும் படித்துக்கொண்டு நகர்கிறது. டி.என்.ஏ.வில் ஜி இருந்தால் ஆர்.என்.ஏ.வில் சி சேரும், சி இருந்தால் ஜி, டி இருந்தால் ஏ. டி.என்.ஏ.வின் ஏ-க்கு எதிரே மட்டும் டி-க்குப் பதிலாக யு வரும். வினாடிக்குச் சில பத்து எழுத்துகள் என்ற வேகத்தில் போனால், சுமார் 1600 எழுத்துகள் கொண்ட பீட்டா மரபணுவுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிடிக்கும். இழை கொஞ்சம் நீண்டதுமே அதன் தலையில் ஒரு வேதித் தொப்பி பொருத்தப்படுகிறது. முடிவில் ‘ஏஏயுஏஏஏ’ என்ற குறியைத் தாண்டியதும் இழை வெட்டப்பட்டு, வரிசையாக ஏ எழுத்துகள் கொண்ட வால் சேர்க்கப்படுகிறது. புரதம் தயாராகும் இடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோவதால் இதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். தொப்பியோ வாலோ இல்லாத தூது ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும்.

அடுத்த கட்டத்தில்தான் அந்த அறிக்கை வரி வருகிறது. முதலில் தயாராகும் ஆர்.என்.ஏ. அப்படியே பயன்படாது. புரதத்துக்குத் தேவையான பகுதிகள் மூன்று, அவற்றுக்கு நடுவே தேவையற்ற இடைப்பகுதிகள் இரண்டு. முதல் இடைப்பகுதியின் நீளம் 130 எழுத்துகள், இரண்டாவது 850. இவற்றை வெட்டி எறிந்துவிட்டு மூன்று பகுதிகளையும் ஒட்ட வேண்டும். வெட்டுவதில் ஓர் எழுத்து தவறினாலும் காரியம் கெட்டுவிடும். சரியான இடத்தை அடையாளம் காண, யு1 என்ற சிறிய ஆர்.என்.ஏ. தன் எழுத்துகளை இடைப்பகுதியின் தொடக்கத்தோடு ஜோடி சேர்த்துப் பார்க்கிறது. பீட்டாவில் அந்தத் தொடக்கம் ‘ஜியுயுஜிஜியு’. முதல் இரண்டு எழுத்துகள் ஜி, யு என்று இருப்பது ஏறக்குறைய எல்லா மரபணுக்களுக்கும் பொது விதி. ஐந்தாவது எழுத்தான ஜி அந்தப் பிடிப்பை உறுதி செய்கிறது.

‘ஐ.வி.எஸ். 1-5’ என்றால் முதல் இடைப்பகுதியின் ஐந்தாவது எழுத்து என்று பொருள். அங்கே ஜி போய் சி வந்துவிட்டால் யு1-இன் பிடி தளர்கிறது. அக்கம்பக்கத்தில், பார்ப்பதற்கு வெட்டும் இடம் போலவே இருக்கும் மறைவான இடங்கள் மூன்று இருக்கின்றன. முன்னால் இருக்கும் பகுதியில் இரண்டு, இடைப்பகுதிக்குள்ளேயே ஒன்று. உண்மையான இடம் பலவீனமானதும் வெட்டு இவற்றுக்கு நழுவுகிறது. அப்படி வெட்டி ஒட்டிய ஆர்.என்.ஏ.வால் பயனில்லை. எப்போதாவது சரியான இடத்தில் வெட்டு விழுகிறது என்பதால் கொஞ்சம் பீட்டா கிடைக்கும், ஆனால் அது போதாது. இதே இடைப்பகுதியின் முதல் எழுத்தே மாறிவிட்டால் அந்தக் கொஞ்சமும் கிடைக்காது. நோய் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், ஆனால் எந்த எழுத்து மாறியது என்பதைப் பொறுத்து அதன் கடுமை மாறுகிறது. மருத்துவர்கள் மரபணுப் பரிசோதனையை வலியுறுத்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரியாக வெட்டி ஒட்டப்பட்ட தூது ஆர்.என்.ஏ.வில் சுமார் 630 எழுத்துகள் மிஞ்சும். அது உட்கருவின் துளை வழியே வெளியே வந்து, புரதம் கட்டும் எந்திரமான ரைபோசோமைச் சேர்கிறது. ரைபோசோமின் சிறிய பாகம் தொப்பியில் ஏறி, எழுத்து எழுத்தாக நகர்ந்து, 50 எழுத்துகளைத் தாண்டி ‘ஏயுஜி’ என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் நிற்கும். பெரிய பாகம் வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிப்பு. மொத்தம் 64 மூன்றெழுத்துகள். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மற்ற மூன்றும் ‘நிறுத்து’ என்று சொல்லும். எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்பதைக் கண்டறிந்த பணிக்காக ஹர் கோவிந்த் குரானா, மார்ஷல் நிரன்பர்க், ராபர்ட் ஹாலி மூவருக்கும் 1968இல் நோபல் பரிசு கிடைத்தது.

பீட்டா எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள்: ஏயுஜி, ஜியுஜி, சிஏயு, சியுஜி, ஏசியு, சிசியு, ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி. அமினோ அமிலமாகச் சொன்னால் மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம், மீண்டும் குளூட்டமிக் அமிலம், லைசின். முதலில் வந்த மெத்தியோனின், சங்கிலி வளரும்போதே நறுக்கப்பட்டுவிடும். ஆகவே முழுமையான பீட்டாவின் முதல் அமினோ அமிலம் வேலின். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை இந்த வேலினோடு தொடர்புள்ளது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண்.

ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவருவது கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் எதிர்மூன்றெழுத்து, மறுமுனையில் அமினோ அமிலம். சரியான ஜோடிதானா என்று சோதிப்பது ரைபோசோமின் சிறிய பாகம். முதல் இரண்டு எழுத்துகளின் பொருத்தத்தை அது மிகக் கண்டிப்பாகப் பார்க்கிறது, மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை அணு அளவில் காட்டியதில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்குப் பெரும்பங்கு உண்டு. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் இருவரோடும் அவர் 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெரிய பாகத்தில் அமினோ அமிலங்களை இணைக்கும் இடத்தைக் கவனித்தபோது ஒன்று தெளிவானது: அந்த வேலையைச் செய்வது புரதம் அல்ல, ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.தான். இந்தத் துறையில் வெளிவந்த மிக அழகான உண்மை இது என்பேன்.

ஒவ்வோர் அமினோ அமிலத்தைச் சேர்க்கவும் குறைந்தது நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. வினாடிக்குச் சுமார் ஐந்து அமினோ அமிலங்கள் சேரும் என்று வைத்தால், ஒரு பீட்டா சங்கிலி அரை நிமிடத்தில் தயார். அதற்குள்ளேயே அதே தூது ஆர்.என்.ஏ.வின்மீது அடுத்தடுத்த ரைபோசோம்கள் ஏறிவிடுகின்றன. குளோபின் தயாரிக்கும் இளம் செல்களில் பெரும்பாலும் ஐந்து ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். உட்கருவை இழந்த பிறகும் இளஞ்சிவப்பணு ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்துகொண்டிருப்பதற்குக் காரணம், குளோபினின் தூது ஆர்.என்.ஏ. அத்தனை உறுதியானது.

இனி பிழைகளுக்கு வருவோம். இப்போது கேட்ட தொடக்கத்தில் முதலில் வந்த ‘ஜிஏஜி’, வேலினிலிருந்து எண்ணினால் ஆறாவது. அதன் நடு எழுத்து மாறி ‘ஜியுஜி’ ஆனால் குளூட்டமிக் அமிலம் போய் வேலின் வந்துவிடும். செல்லுக்கு இது பிழையாகவே தெரியாது. வெட்டுதல், ஒட்டுதல், வாசித்தல் எல்லாம் ஒழுங்காக நடக்கும், புரதமும் முழு அளவில் கிடைக்கும். ஆக்சிஜனை இறக்கிய பிறகுதான் தொல்லை. அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு குழிக்குள் போய்ப் பொருந்தி, மூலக்கூறுகள் நீண்ட இழைகளாக அடுக்கிக்கொள்ள, சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. இதுதான் அரிவாள் செல் நோய். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த மாற்றம் இருப்பது 1952லேயே பதிவானது. இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டம், நாடு முழுவதும் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு நடக்கிறது.

எழுத்து மாறாமல், ஒரு ஜி கூடுதலாக நுழைந்துவிட்டால்? இந்தியாவில் இதுவும் பரவலாகக் காணப்படும் பிழை. எட்டாவது மூன்றெழுத்துக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் அது நுழைகிறது. ‘ஏஏஜி, யுசியு, ஜிசிசி’ என்று வாசிக்க வேண்டியது ‘ஏஏஜி, ஜியுசி, யுஜிசி’ என்று ஆகிவிடும். சட்டையில் ஒரு பொத்தானைத் துளை மாற்றிப் போட்டால் கீழே உள்ள அத்தனையும் மாறிப்போவது போல, அதற்குப் பிறகு எல்லாமே தப்பு. 22ஆவது இடத்தில் ‘யுஜிஏ’ என்ற நிறுத்தக் குறி வந்து சங்கிலி அறுந்துவிடும்.

இப்படி நடுவழியில் நிறுத்தக் குறி வந்தால், பல சமயம் செல்லே கண்டுபிடித்து அந்தத் தூது ஆர்.என்.ஏ.வை அழித்துவிடும். வெட்டி ஒட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் சற்று முன்னால் ஒரு புரதக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். முதல் ரைபோசோம் போகும் வழியில் அதைத் தள்ளிவிட வேண்டும். கடைசி ஒட்டுக்கு 50, 55 எழுத்துகளுக்கு மேல் முன்னாலேயே ரைபோசோம் நின்றுவிட்டால், அந்தக் கூட்டம் அங்கேயே இருக்கும், அழிக்கும் நொதிகள் வந்து சேரும். இத்தாலியின் சார்டினியா தீவில் தாலசீமியாவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் 39ஆவது மூன்றெழுத்துப் பிழையில் இதுதான் நடக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழை வந்திருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் 121ஆவது இடத்தில், கடைசிப் பகுதிக்குள் நிறுத்தக் குறி வந்தால் இந்தக் காவல் வேலை செய்யாது. அரைகுறைச் சங்கிலிகள் உண்டாகிக் குவியும். ஒரே ஒரு பழுதான பிரதி போதும், நோய் வந்துவிடும்.

பீட்டா குறைந்தால் ரத்தம் குறைகிறது என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஆல்ஃபா வழக்கம்போல் தயாராகிக்கொண்டே இருக்கும். ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் படிந்து, செல்லின் சவ்வைச் சிதைத்து, சிவப்பணு மஜ்ஜையிலேயே செத்துப்போகும். கடுமையான தாலசீமியாவின் முக்கியச் சேதம் இதுதான். அதற்காக ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தமும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பைக் கொண்டுவருகிறது, அதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. ஆகவேதான் இரும்பை நீக்கும் மருந்தை ஒருநாளும் விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் சாதாரண ரத்தசோகையில் மரபணு நன்றாகவே இருக்கும். ஹீம் போதாதபோது ஒரு நொதி விழித்துக்கொண்டு, ரைபோசோம் வாசிக்கத் தொடங்குவதையே தடுத்துவிடும். சிவப்பணு சிறுத்து வெளுப்பது அதனால்தான். ஒரே ஒரு பழுதான பிரதி மட்டும் உள்ள தாலசீமியா கடத்துநர்களின் சிவப்பணுவும் சிறியதாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில், சிறு அளவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கடத்துநர் என்று சந்தேகிக்கலாம். இரும்புக் குறைவு கூடவே இருந்தால் அந்த எண் தாழ்ந்து காட்டும். எனவே அந்த எண் எல்லைக்கோட்டில் இருந்தால், இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் பார்ப்பதே முறை. கணவன் மனைவி இருவரும் கடத்துநர் என்றால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கரு 10 முதல் 12 வாரமாக இருக்கும்போது நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் பெற்றோர் இருவரின் பிழையும் எது என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தால்தான் முடிவு விரைவாகக் கிடைக்கும்.

சிகிச்சையிலும் இப்போது புது வழி திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை, பீட்டா மரபணுவைத் தொடுவதே இல்லை. பிறந்த பிறகு காமா குளோபினை அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் சிவப்பணு வழியில் தயாராகாதபடி, நோயாளியின் ஸ்டெம் செல்களில், அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களில், ஒரு சிறு வெட்டு போடுகிறது. காமா மறுபடியும் தயாராகி, பீட்டாவின் இடத்தை நிரப்புகிறது. திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துவதற்கு முன் பழைய மஜ்ஜையைக் கீமோதெரபி கொடுத்து அழிக்க வேண்டும், செலவும் மிக அதிகம். இந்தத் திருத்தம் மஜ்ஜையோடு நின்றுவிடும் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். விந்தணுவிலும் கருமுட்டையிலும் பழைய பிழை அப்படியே இருக்கும். ஆகவே குணமடைந்தவர் திருமணம் செய்துகொள்ளும்போதும், வாழ்க்கைத்துணைக்கு அந்த எச்.பி.எல்.சி. பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

வணக்கம்.