அழுத்தம் அறிந்து பேசுதல்: ஆங்கில உச்சரிப்பின் அடிப்படைகள்

அவைத்தலைவர் அவர்களே, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நாவை எங்கே வைப்பது, உதட்டை எப்படிக் குவிப்பது என்பதிலேயே நேரத்தையெல்லாம் செலவிட்டுவிடுகிறார்கள். அவை வேண்டியவைதாம்; நானும் அவற்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் ஆங்கிலம் வெளியூராருக்கு விளங்காமல் போவதற்குத் தனித்தனி ஒலிகளைக் காட்டிலும் பெரிய காரணம், சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழ வேண்டும் என்பதை நாம் கற்காமலும் கற்பிக்காமலும் விட்டுவிட்டதே என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்துக்கு வருவதற்கு முன், ஒலிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. தென் இங்கிலாந்தின் படித்தோர் வழக்கை எடுத்துக்கொண்டால் ஒலிகள் ஏறத்தாழ 44. அவற்றுள் 20 உயிரொலிகள், 24 மெய்யொலிகள். உயிரெழுத்து என்று ஐந்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு 20 உயிரொலிகளை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? முதல் எழுத்தான 'ஏ' ஒன்றே 'கார்' என்ற சொல்லில் ஒரு விதமாகவும், 'கேக்' என்பதில் ஒரு விதமாகவும், 'பால்' என்று நாம் எழுதும் பந்தின் பெயரில் இன்னொரு விதமாகவும், 'அபவுட்' என்பதில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெடிலுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. இன்று 'டைம்' என்று ஒலிக்கும் சொல் அதற்கு முன் 'டீம' என்பதுபோலவும், 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' என்றும் ஒலித்தன. எழுத்து பழைய ஒலியைக் காட்டி நிற்க, வாய் புதிய ஒலியைச் சொல்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லைக் கண்ணால் கற்பவருக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கிறது.

இனி மெய்யொலிகள். தமிழில் வல்லினம் நிற்கும் இடமே அதன் ஒலியைத் தீர்மானிக்கிறது. 'பல்' என்பதில் பகரம் குரலில்லாமல், அதாவது தொண்டை அதிராமல், பிறக்கிறது; 'அம்பு' என்பதில் அதே பகரம் குரலோடு பிறக்கிறது. இதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை, பார்க்கத் தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் வெவ்வேறு ஒலிகள். எந்த இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று எதிராக வரும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்', குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' இரண்டையும் தமிழெழுத்தில் என்னால் வேறுபடுத்தி எழுதவே முடியாது. இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. ஆங்கிலேயர் குண்டூசியைச் சொல்லும்போது உதடு திறந்ததும் ஒரு மூச்சு வெடித்து வெளிவருகிறது. ஒரு தாள் துண்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு சொன்னால் தாள் அசையும். 'ஸ்பின்' என்று சொன்னால் அசையாது. நம் பகரத்தில் அந்த மூச்சு இல்லாததால், நாம் குண்டூசி கேட்டால் அவர்கள் காதில் குப்பைத்தொட்டி விழ இடமிருக்கிறது. அழுத்தமுள்ள அசையின் தொடக்கத்தில் வரும் ககரத்துக்கும் டகரத்துக்கும் இதே விதிதான்.

அந்த டகரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நாம் நாநுனியை மேலே வளைத்து அண்ணத்தைத் தொட்டு டகரத்தை ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் நா வளைவதில்லை. மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னாலுள்ள பல்லீறின் மேட்டை நுனிநா தொடுகிறது. யாழ்ப்பாணத்தார் 'காற்று', 'வெற்றி' என்று சொல்லும்போது அவர்களின் இரட்டை றகரம் பிறக்கும் இடம் ஏறத்தாழ அதுவேதான். அதனால்தான் நாம் 'இன்டர்நெட்' என்று எழுதுவதை ஈழத்தமிழர் 'இன்ரர்நெற்' என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்துமுறையைக் கண்டு இங்கே சிலர் வியப்பதுண்டு. ஒலியின்படி பார்த்தால் அவர்கள் எழுதுவதே நெருக்கமானது.

தகரத்திலும் நமக்கு ஒரு கைமுதல் இருக்கிறது. 'அது', 'இது' என்று இயல்பாகப் பேசும்போது நடுவிலுள்ள தகரத்தில் நா பல்லை முழுதாக அடைப்பதில்லை. காற்று உரசிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் 'திஸ்', 'தட்' என்ற சொற்களின் முதலொலி ஏறத்தாழ அதுதான். நா அதே இடத்தில் இருக்க, குரலை நிறுத்தி மூச்சை மட்டும் விட்டால் 'திங்க்' என்பதன் முதலொலி கிடைத்துவிடும். மாணவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம் என்று அவர்களை அஞ்சச் செய்வதைவிட, இருப்பதை இடம் மாற்றி வைக்கச் சொல்வது நல்லது.

வகரத்துக்கு வருவோம். 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. மேற்பல்லும் கீழுதடும் இயைகின்றன. ஆங்கிலத்தின் 22ஆம் எழுத்து பிறக்கும் இடம் அதுதான், உரசல் மட்டும் சற்றுக் கூடுதல். அதே இடத்தில் குரலை நிறுத்தி மூச்சை மட்டும் செலுத்தினால், நாம் ஆய்தமிட்டு 'ஃபேன்' என்று எழுதுகிறோமே, அந்த ஒலி பிறக்கும். ஆனால் ஆங்கிலத்தில் 23ஆம் எழுத்தும் இருக்கிறது; அதில் பல்லுக்கு வேலையே இல்லை. உகரம் சொல்லப் போவதுபோல் உதடுகளைக் குவித்து, அங்கிருந்து அடுத்த உயிருக்கு விரைந்து செல்ல வேண்டும். மேற்குத் திசையின் பெயரும் பனியனின் பெயரும் நம் வாயில் ஒன்றாக 'வெஸ்ட்' என்று விழுவதற்குக் காரணம், இந்த இரண்டையும் ஒரே வகரத்தில் அடக்கிவிடுவதுதான்.

சொல்லின் இறுதியில் வல்லினமெய் நிற்பது தமிழ்மரபில் இல்லை. ஆகவே 'கப்பு', 'லைட்டு', 'பஸ்ஸு' என்று உகரம் சேர்க்கிறோம். ஆங்கிலம் பேசும்போது அதை விட்டுவிட வேண்டும். இறந்தகால விகுதியையும் எழுத்தில் உள்ளபடி படிக்கக் கூடாது. நடந்தான் என்பதற்குரிய சொல் 'வாக்ட்' என்று ஓரசையாக முடிகிறது. 'வாக்கெட்' என்று ஈரசை ஆவதில்லை. வினைச்சொல் டகர ஒலியில் முடிந்தால் மட்டுமே, 'வான்டிட்' என்பதுபோல், ஓர் அசை கூடும்.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். தமிழில் அசைகள் எல்லாம் ஓரளவு சமமான வலிமையோடு ஒலிக்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அளவு வேறுபடுமே தவிர, ஓர் அசை மற்ற அசைகளை ஒடுக்கிவிடுவதில்லை. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி நிற்க, ஏனையவை ஒடுங்குகின்றன. ஓங்கும் அசை நீளமாகவும் உரக்கவும், பெரும்பாலும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஒடுங்கும் அசையின் உயிர் பல வேளைகளில் தன் உருவத்தையே இழந்து, வாய் தளர்ந்து, நா நடுவில் கிடக்கப் பிறக்கும் ஒரு மங்கிய ஒலியாகிவிடும். ஒலியியலார் அதை ஷ்வா என்பர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான்; ஆனால் அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்துகூட இல்லை.

வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். மூன்று அசைகளிலும் ஒரே உயிரெழுத்து. நாம் மூன்றையும் சமமாக ஒலிக்கிறோம். அவர்கள் நடுவிலுள்ளதை மட்டும் 'னா' என்று நீட்டி ஒலித்து, முன்னும் பின்னும் உள்ளவற்றை ஷ்வாவாக்கி விடுகிறார்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில். அதை எடுப்பவரைக் குறிக்கும் 'ஃபடாக்ரஃபர்' என்பதில் இரண்டாம் அசையில். 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையில். அழுத்தம் நகரும்போது உயிர்களும் உருமாறுவதைக் காணலாம். 'ஹோட்டல்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு உரியது. 'கமிட்டி', 'டெவலப்மென்ட்' ஆகியவற்றிலும் அப்படியே. நாம் முதலசையில் ஊன்றிச் சொல்லும்போது, ஒவ்வோர் ஒலியும் சரியாக இருந்தும், கேட்பவர் திகைக்கிறார். ஏனெனில் அவர் சொல்லை அடையாளம் காண்பதே அந்த ஓங்கிய அசையைக் கொண்டுதான்.

குறுகிய உயிர் நமக்குப் புதிதன்று. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்தவர்கள் நம் இலக்கணத்தார்; ஐகாரம் குறுகும் என்பதையும் அவர்கள் கண்டு சொன்னார்கள். 'காசு' என்பதன் ஈற்றுகரத்தில் உதடு குவியாமல் ஒலி தேய்வதைக் காட்டிவிட்டு, இப்படித்தான் ஆங்கிலத்தில் ஒடுங்கும் அசையின் உயிரும் தேயும் என்று ஓர் ஆசிரியர் சொன்னால், தமிழ் மாணவருக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

வாக்கியத்திலும் இதே ஒழுங்குதான். பொருள் தாங்கும் சொற்கள் ஓங்கும். 'ஆஃப்', 'ஃபார்', 'டு', 'அண்ட்' போன்ற இணைப்புச் சொற்கள் ஒடுங்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் பொருளே மாறிப்போகும். முடியும் என்ற பொருள் தரும் 'கேன்' வாக்கியத்தின் நடுவில் 'கன்' என்று தேய்ந்தே வரும். முடியாது என்ற பொருள் தருவதே முழு ஒலியோடு ஓங்கி வரும், அதன் இறுதி டகரமோ பல வேளைகளில் காதில் விழாது. ஆகவே நாம் 'ஐ கேன் கம்' என்று தெளிவாகச் சொல்வதாக எண்ணி நடுச்சொல்லை ஊன்றிச் சொன்னால், வரமாட்டேன் என்கிறார் போலும் என்று கேட்பவர் எண்ணக்கூடும். நேர்முகத் தேர்விலோ மருத்துவரிடமோ இது சிறிய தவறன்று.

இங்கிலாந்து வழக்கா, அமெரிக்க வழக்கா என்று கேட்பவர்களுக்கு: 'கார்' என்பதன் இறுதி ரகரத்தை அமெரிக்கர் ஒலிக்கிறார்கள், தென் இங்கிலாந்தார் விட்டுவிடுகிறார்கள், எதை வேண்டுமானாலும் கொள்ளுங்கள். சொல்லழுத்தத்தில் இருநாட்டாரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். சில எளிய விதிகளும் உதவும்: 'ஷன்' என்றோ 'இக்' என்றோ முடியும் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் விழும். 'எக்ஸாமினேஷன்' என்பதில் 'நே' ஓங்குவது அப்படித்தான். 'பாலிடிக்ஸ்' போன்ற விலக்குகள் உண்டு.

மற்றவற்றுக்கு அகராதி இருக்கிறது. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி முதல் இன்றைய கற்போர் அகராதிகள் வரை, ஓங்கும் அசைக்கு முன் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இட்டிருப்பார்கள். புதுச்சொல்லின் பொருளைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அந்தக் கோட்டையும் கூடவே எழுதி, அந்த அசையில் மட்டும் வகுப்பைக் கைதட்டச் சொல்லட்டும். ஐந்தாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிடலாம்; அதற்குத் தனிக் கருவியோ ஆய்வகமோ தேவையில்லை.