மழையில் ஜெயித்தோம், வடிகாலை மறக்க வேண்டாம்

அவைத் தலைவர் அவர்களே, கிளப்பின் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களே, அன்று பிடித்த சளி இன்னும் விடாமல் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கும் என் காலரித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் கால்பந்து அணி மழையில் ஜெயித்த அன்று, அவைத் தலைவர் அவர்களுக்கு மேலே கண்ணாடி அறையில் இடம் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. எங்களோடு நின்று கடைசி விசில் வரை நனைந்தார். எனக்கு முன்னால் பேசிய துணைத் தலைவர் அவர்கள் வெற்றியைப் பற்றி அழகாகச் சொன்னார். செயலாளர் அவர்களும் பொருளாளர் அவர்களும் எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு இந்த மேடையில் பேச இடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கிளப்பிலும் இது நடப்பதில்லை. பயிற்சியாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. அதைக் கோலைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த வெற்றி எப்படி வந்தது என்பது ஒன்று. நனைந்துகொண்டு நிற்கும் ரசிகனுக்குக் கிளப் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு. மூன்றாவது, மைதானம். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் வந்து நிற்பேன் என்பதும் தெரியும். வெள்ளம் வருமுன் அணை போடு. அதைத்தான் இன்றும் சொல்லப்போகிறேன்.

அன்று ஆட்டம் நடந்ததே பெரிய காரியம். மதியத்திலிருந்து விடாத மழை. ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடுபடுத்த இறங்கியபோதே ஒவ்வொரு காலடியிலும் தண்ணீர் தெறித்தது. நடுவர் பந்தோடு வந்தார். நடுவட்டத்தில் மார்பு உயரத்திலிருந்து விட்டார், எழும்பியது. இடது ஓரத்தில் விட்டார், எழும்பியது. அப்புறம் நம் காலரிக்கு நேர் கீழே இருக்கிற கோல் வாய்க்கு வந்து விட்டார். பந்து தொப்பென்று விழுந்து, பஞ்சு மெத்தையில் வைத்தது போல அப்படியே உட்கார்ந்துவிட்டது. நடுவர் குனிந்து அதைப் பார்த்தார். நாங்கள் நடுவரைப் பார்த்தோம். அரை மணி நேரம் தருகிறேன், அதற்குள் சரி செய்ய முடிந்தால் ஆடலாம் என்றார்.

அப்போதுதான் மைதானப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவரை நாம் எல்லோருமே பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் தண்ணீரைத் தள்ளுகிற பலகையும் நுரை உருளையுமாக இறங்கினார்கள். பெரியவர் கையில் நீளப் பற்கள் கொண்ட ஓர் இரும்பு முள் மட்டும் இருந்தது. கோல் கோட்டிலிருந்து பின்னோக்கி நடந்தபடியே குத்தினார், லேசாக அசைத்தார், உருவினார். அடுத்த அடி. மறுபடி குத்தினார். குத்திய துளைகளில் குமிழி வந்தது. காலரி முழுக்க அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொறுமை தாங்காமல் நம் பையன் ஒருவன், "பெரியவரே, நாங்களும் வாளியோட இறங்கட்டுமா?" என்று கத்தினான். நூறு பேர் எழுந்து நின்றார்கள். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினார். ஆட்டம் முடிந்த பிறகு ஏன் என்று அவரிடமே கேட்டேன். "தம்பி, நூறு பேர் மிதிச்சா மண்ணு இறுகிப் போகும். இருக்கிற தண்ணியும் இறங்காது. ஏற்கெனவே அந்த இடம் மிதிபட்டு மிதிபட்டு இறுகிக் கிடக்குது" என்றார். அரை மணி கழித்து நடுவர் திரும்ப வந்து அதே இடத்தில் பந்தை விட்டார். முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அந்த நேரம் எழுந்த சத்தம் கோலுக்குக்கூட எழவில்லை. பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டோம். இன்னும் ஒரு பாஸ்கூட ஆடவில்லை!

பெரியவர் இன்று இந்த அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு முறை எழுந்து நின்று கை தட்டுவோம்.

நன்றி. உட்காருங்கள்.

இப்போது கோல். ஈரப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும். தண்ணீர் தேங்கிய இடத்தில் செத்து நிற்கும். ஒரே மைதானத்தில் பத்தடிக்கு ஒரு குணம். பந்து தரையில் குத்தி எழும் என்று காத்திருக்கிற தடுப்பாட்டக்காரர் மழையில் தோற்பார். அன்று நடந்தது அதுதான். வலது ஓரத்திலிருந்து நீளமாக வந்த பந்து பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே குட்டையில் சிக்கி நின்றது. அவர்களுடைய சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், அது வழுக்கி வரும் என்று கணக்குப் போட்டுப் பந்தைத் தாண்டிப் போய்விட்டார். நம் ஃபார்வர்ட் தன் ஓட்டத்தை முன்பே குறுக்கியிருந்தார். பூட்ஸ் நுனியால் பந்தைத் தண்ணீரிலிருந்து கிளப்பி, கீழே விழவிடாமல் அடித்தார். தரையோடு உருட்டியிருந்தால் கோல்கீப்பரிடம் போய்ச் சேரவே சேர்ந்திருக்காது. இதற்குத்தான் பயிற்சியாளர் அவர்களுக்கு என் நன்றி. குட்டையில் நிற்கும் பந்தைத் தள்ளாதே, தூக்கு என்று இடைவேளையில் அவர் சொன்னதாக ஆட்டக்காரர்களே சொன்னார்கள். கடைசி நிமிடங்களில் நம் கோல்கீப்பர், பிடித்தால் நழுவும் என்று தெரிந்து, பந்தை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தட்டித் தட்டிவிட்டாரே, அதுவும் ஒரு கோலுக்குச் சமம். ஒன்றுக்குப் பூஜ்யம். அது போதும்.

சொந்த மைதானத்தில் கொட்டும் மழையில் ஜெயிப்பதற்கு உலகக் கோப்பையிலேயே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. 1974 ஜூலை 3, ஃபிராங்க்ஃபர்ட். மேற்கு ஜெர்மனியும் போலந்தும். இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்று முடிவு செய்கிற குழு ஆட்டம். ஜெர்மனிக்கு டிரா போதும், போலந்துக்கு வெற்றியே வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் வானம் பிளந்துகொண்டது போல மழை. தீயணைப்புப் படை பம்புகளோடு மைதானத்துக்குள் இறங்கித் தண்ணீரை உறிஞ்சியது. ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. லாட்டோ, கடோச்சா என்று போலந்துக்கு ஓரங்களில் பறக்கிற இருவர். அந்தச் சேற்றில் அவர்கள் ஓட்டம் தடுமாறியது. அப்படியும் ஜெர்மன் கோல்கீப்பர் செப் மையர் காப்பாற்றிய பந்துகள் கொஞ்சநஞ்சம் இல்லை. எதிர்ப்பக்கம் தோமஷெவ்ஸ்கி ஒரு பெனால்ட்டியையே தடுத்தார். 76ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் கெர்ட் முல்லர் ஒரு கோல் அடித்தார். அங்கேயும் ஒன்றுக்குப் பூஜ்யம்தான். நான்கு நாள் கழித்து மியூனிக்கில் நெதர்லாந்தை 2-1 என்று வென்று ஜெர்மனி கோப்பையை எடுத்தது. "ஃபிராங்க்ஃபர்ட் தண்ணீர்ப் போர்" என்று ஜெர்மானியர்கள் அந்த ஆட்டத்தை இன்றும் சொல்கிறார்கள். அந்தப் போலந்து அணிக்காக எனக்கு இன்றும் மனம் வருந்தும். காய்ந்த தரையில் அந்த ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கலாம் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன்.

அதற்கும் இருபது வருடம் முன்னால், 1954இல், பெர்ன் நகரத்து இறுதிப் போட்டியும் மழையில்தான். ஹங்கேரி எட்டே நிமிடத்தில் 2-0 என்று முன்னால் போய்விட்டது. முதல் சுற்றில் இதே ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கிய அணி அது. கடைசியில் 3-2 என்று ஜெர்மனி வென்றது. அடிடாஸ் காலணி நிறுவனத்தின் ஆடி டாஸ்லர் ஜெர்மானியர்களுக்கு, அடியில் குமிழ்களைக் கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ் செய்து கொடுத்திருந்தார். மழை வந்ததும் நீளக் குமிழ்களை மாட்டிக்கொண்டார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கால்பந்தில் எனக்குத் தெரியாது. மழை பெய்த பிறகு பூட்ஸ் செய்ய உட்கார்ந்தவர்கள் இல்லை அவர்கள்.

அணை போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2012 அக்டோபர் 16. வார்சாவில் போலந்தும் இங்கிலாந்தும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டும். புத்தம்புது மைதானம், மேலே மூடித் திறக்கிற கூரை. ஆனால் கூரை திறந்தே இருந்தது. தரையெல்லாம் தண்ணீர் தேங்கி அன்று ஆட்டமே நடக்கவில்லை. மறுநாள்தான் ஆடினார்கள், 1-1 டிரா. வேறு நாட்டிலிருந்து வந்த ரசிகர்கள் எத்தனை பேர் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்பார்கள்! கூரையே இருந்தும் இந்தக் கதி.

ரசிகர் வசதி பற்றி இரண்டாவதாகப் பேசுவதாகச் சொன்னேன். நேரம் போய்விட்டது, அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன். ரசிகன் நனைவான், காய்வான். எனக்கு இப்போது முக்கியம் நம் இரண்டாம் மைதானம். சின்னப் பிள்ளைகளும் பெண்கள் அணியும் பயிற்சி எடுக்கிற மைதானம்.

முதல் மைதானத்துக்குப் பெரியவர் இருக்கிறார், ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாம் மைதானத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்த வாரம் முழுக்கப் பயிற்சி கிடையாது. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்று, இன்றைக்கும் இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஈரத்தோடு ஆடவிட்டாலும் கேடுதான். புல் வேரோடு பெயரும், மண் இறுகும், அடுத்த மழைக்கு இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கும். வேர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் காற்று இல்லாமல் புல் அழுகும். அப்புறம் புல் விதைக்கச் செலவு, மண் கொட்டச் செலவு.

செய்ய வேண்டியது என்ன? நடுப்பகுதியை ஓரங்களைவிடச் சற்று மேடாக்க வேண்டும், தண்ணீர் தானாகப் பக்கங்களுக்கு ஓடும். தரைக்கடியில் சிறு பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்து, சுற்றிலும் சரளைக்கல் போட வேண்டும். மேலே மணல் கலந்த மண். வருடா வருடம் குத்திக் காற்றோட்டம் கொடுத்து மணல் தூவ வேண்டும். பெரியவர் அரை மணியில் கையால் செய்ததை வருடம் முழுக்கச் செய்கிற ஏற்பாடுதான் இது. இதைக் கேட்கும்போதெல்லாம், மழைக்காலம் முடியட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும், இப்போதுதான் காய்ந்திருக்கிறதே என்கிறார்கள். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வெள்ளம் வருமுன் அணை போடு.

செயலாளர் அவர்களும் பொருளாளர் அவர்களும் மேடையிலேயே இருக்கிறார்கள். வெற்றிக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பலகை வைக்கட்டும், நானும் வந்து நின்று பார்ப்பேன். ஆனால் இந்தப் பருவத்து உபரிப் பணம் முதலில் இரண்டாம் மைதானத்தின் குழாய்க்குப் போகட்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி மனு எழுதியிருக்கிறோம். வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பெண்கள் அணித் தலைவிதான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போகும்போது உங்கள் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.