ஆறுமணிக்குருவி தேடி வரும் ஈரம்

எல்லோருக்கும் வணக்கம். வலசைப் பறவை என்றதும் உங்களில் பலருக்குக் கூந்தன்குளத்து வரித்தலை வாத்துதான் நினைவுக்கு வரும். இமயமலையையே தாண்டி வருகிற பறவை, பெருமைக்குரியதுதான். நான் பேச வந்திருப்பது இமயத்தைத் தாண்டாத ஒரு குருவியைப் பற்றி. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடும். பாஸ்போர்ட் தேவையில்லாத பயணம். பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகிறவைக்கு மட்டும் வேண்டுமோ என்னவோ!

ஆறுமணிக்குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும்; அந்த நேரத்தை வைத்துத்தான் பெயர். இந்தியில் இதற்கு நவ்ரங், அதாவது ஒன்பது நிறம். பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. வாலென்று சொல்ல ஒன்றுமில்லாத இந்தக் குருவி புதருக்கடியில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சருகில்தான் விஷயமே இருக்கிறது. குளிருக்குப் பயந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. இதன் சாப்பாடு மண்புழுவும் பூச்சியும். மண் நெகிழ்ந்திருந்தால்தான் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை வடக்கே பெய்கிற ஜூன், ஜூலையில் அங்கே கூடு கட்டுகிறது. அங்கே மழை ஓய்ந்து நிலம் காயும்போது, இங்கே ஐப்பசி அடைமழை. கோடையில் நம் மண் இறுகியதும் திரும்பிவிடும். ஈரம் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகிற குருவி இது.

இரவில்தான் பறக்கும். அதனால் வந்து சேர்கிற நாட்களில் களைத்துப்போய் வெளிச்சம் கண்ட வீட்டுக்குள் நுழைந்துவிடுவதுண்டு. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒரு தடவை விழுந்து கிடந்தது. பேரப்பிள்ளைகள் கிளி என்றார்கள். இப்படி விழுந்து கிடக்கிற குருவியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்திருந்தோம். அப்புறம் தெளிந்ததும் செடி மறைவில் திறந்துவிட்டோம், தத்திக்கொண்டே போய்விட்டது.

சரி, மணி ஐந்தே முக்கால். மைக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். பின்பக்கத்துப் புங்கமரத்தடியில் நேற்று ஒன்று கூவியது.