எலும்பைத் தந்தவருக்கு நற்கதி உண்டா?

செந்தூலிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "காலமான என் கணவரின் ஆல்பத்தில் மகரிஷி ததீசியின் அஞ்சல்தலை இருக்கிறது. இந்தியா 2009இல் வெளியிட்டது. இவர் தம் எலும்புகளையே தானம் செய்தவர் என்கிறான் பேரன். நானும் உறுப்பு தானத்துக்குப் பதிந்திருக்கிறேன். மகளோ, உடல் முழுதாகப் போனால்தான் நற்கதி என்று அழுகிறாள். சரியா?"

பேரன் சொன்னது உண்மைதான் அம்மா. விருத்திராசுரனை எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியவில்லை. ததீசியின் எலும்பால் செய்த ஆயுதம்தான் வெல்லும் என்று தேவர்களுக்குத் திருமால் வழி சொல்கிறார். இந்திரன் போய்க் கேட்கிறான். பாகவதத்தில் இந்த இடம் அழகு. முனிவர் உடனே "எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடவில்லை. "சாகும்போது உயிர் படும் வேதனை உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அமரர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது! பிறகுதான் யோகத்தில் அமர்ந்து உடலை விடுகிறார். அந்த எலும்பில் விசுவகர்மா வஜ்ராயுதம் செய்தான்.

வந்து நின்றவன் யார் என்பதைக் கவனியுங்கள். முன்பு, "மது வித்தை என்னும் ரகசிய ஞானத்தை எவருக்காவது கற்பித்தால் தலையை வெட்டுவேன்" என்று இவரை மிரட்டியவனும் இதே இந்திரன்தான். தேவ மருத்துவர்களான அசுவினி தேவர்கள் இவருக்குக் குதிரைத் தலையைப் பொருத்திப் பாடம் கேட்டார்கள். இந்திரன் அதை வெட்டியதும், பழைய தலையைத் திரும்ப வைத்தார்கள். தலையை வெட்ட வந்தவனே எலும்புக்குக் கையேந்தி நிற்கிறான். அவனுக்கும் இல்லையென்று சொல்லவில்லை இவர். "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. இந்தியாவின் உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ராவில் நான்கு வஜ்ராயுதங்கள் இருக்கின்றன. அதை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ததீசியை நினைத்துத்தான் வஜ்ராயுதத்தை அதில் வைத்தார். முதல் விருது 1947இல் காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அவர் இந்த அம்மையாரின் மருமகனுக்கு உடன்பிறந்தவர்!

சரி, மகளுக்கு வருவோம். எலும்பைத் தந்த முனிவர் கதியற்றுப் போனார் என்று எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. உடலைத் தீயில் இட்டு, சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைக்கிறவர்கள் நாம். இதில் "முழுதாக" என்பது எது?

ஆனால் நீங்கள் பதிந்தது மட்டும் போதாது அம்மா. நம் மலேசியாவில் கடைசி நேரத்தில் குடும்பத்தாரின் சம்மதத்தையும் மருத்துவமனையில் கேட்பார்கள். அப்போது பதில் சொல்லப்போவது உங்கள் மகள். இன்று இரவே ஆல்பத்தைத் திறந்து அவளிடம் பேசுங்கள். பேரனும் பக்கத்தில் இருக்கட்டும்.