பாறை இல்லைங்க, குழவிக்கல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோ சமையலறையிலிருந்து, பேசப்போவது தென்னாப்பிரிக்கப் பெண்களின் ஒரு போராட்டத்தைப் பற்றி. அடுப்பில் பருப்பு வேகிறது, நடுவில் விசில் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள். கையில் இருப்பது எங்கள் ஆயாவின் அம்மிக் குழவி. வீடு மாறும்போது அம்மியை விட்டுவிட்டு வந்தோம், இது மட்டும்தான் மிச்சம். இப்படி ஓரமாக வைக்கிறேன், அப்புறம் தேவைப்படும்.

தென்னாப்பிரிக்கா என்றால் நமக்கு மண்டேலா, 27 வருடச் சிறை. சரிதான். ஆனால் நிறவெறி ஆட்சி ஒரு கறுப்பினத் தொழிலாளியை தினமும் எங்கே பிடித்தது என்று கேட்டால், சட்டைப் பையில். 16 வயது ஆனவர் பையில் 'பாஸ்' என்ற அனுமதிப் புத்தகம் இருந்தாக வேண்டும். போட்டோ, எந்த இனம், எந்த ஊரில் தங்க அனுமதி, வரி கட்டியாச்சா, எல்லாம் அதில். முதலாளி மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் உங்கள் வேலையும் போச்சு, நகரத்தில் இருக்கும் உரிமையும் போச்சு. அனுமதி இல்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் இருந்தால் கைது. தெருமுனைக் கடைக்குப் போகும்போது புத்தகத்தை வீட்டில் மறந்தாலும் கைதுதான். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'டொம்பாஸ்', முட்டாள் பாஸ்.

இதில் கொடுமை என்னவென்றால், 1952இல் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருக்கிறது. பல பாஸ்களை ஒழித்து ஒரே புத்தகமாக ஆக்கினார்களாம். பெயர் வைப்பதில் எந்த ஊர் அரசும் சளைத்ததில்லை போல.

அதுவரை பெண்களை இது பெரிதாகத் தொடவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. 1913இல் புளூம்ஃபொன்டைன் நகரப் பெண்கள் பாஸ் வாங்க மாட்டோம் என்று சிறைக்குப் போனார்கள். அதே 1913இல்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, உடல் நொந்து, அடுத்த பிப்ரவரியில் 16 வயதில் இறந்தார். ஒரே நாடு, ஒரே வருடம், ஆனால் இரண்டும் தனித்தனிப் போராட்டங்கள். இந்தியர் போராட்டம் இந்தியர் குறைகளுக்கு மட்டும்தான். வள்ளியம்மையைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

இரண்டும் ஒன்று சேர 40 வருடத்துக்கு மேல் ஆனது. பெண்களுக்கும் பாஸ் புத்தகம் என்று அரசு கிளம்பியதும், 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் சுமார் 20,000 பெண்கள் கூடினார்கள். முன்னால் நால்வர்: லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ். கறுப்பர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர், ஆளுக்கொருவர். சோஃபியாவுக்கு அப்போது வயது 18.

ஊர்வலத்துக்குத் தடை. அதனால் இரண்டு பேர், மூன்று பேராக நடந்து அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் படிக்கட்டுகளில் ஏறினார்கள். பலர் முதுகில் துணியால் கட்டிய குழந்தை. வீட்டு வேலை செய்யும் சிலர் தாங்கள் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் குழந்தையையும் தூக்கி வந்திருந்தார்கள். விட்டுவிட்டு வர முடியாதே! பிரதமர் ஸ்ட்ரைடோம் அவர்களைச் சந்திக்கவில்லை. மனுக் கட்டுகளை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்து, அரை மணி நேரம் 20,000 பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். கைக்குழந்தைகளோடு அரை மணி நேரம், யோசித்துப் பாருங்கள். அப்புறம் பாடினார்கள்.

இதோ விசில்… ஒரு நிமிஷம். ஆங், அணைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டு, 'ஸ்ட்ரைடோம், நீ பெண்களைத் தொட்டுவிட்டாய், இம்பொகோடோவைத் தொட்டுவிட்டாய்' என்று போகும். ஆங்கிலத்தில் அதைப் 'பாறை' என்று போட்டுவிட்டார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆனால் இம்பொகோடோ என்பது சோளம் அரைக்கக் கையில் பிடிக்கும் கல். இதோ, இதுதான். பாறை சும்மா கிடக்கும். இது அப்படி இல்லை. தினமும் இதைப் பிடித்து அரைத்த கை எப்படி இருக்கும் என்று எங்கள் ஆயாவின் உள்ளங்கையைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.

ஜெயித்தார்களா? உடனே இல்லை. சில வருடங்களில் பெண்களுக்கும் புத்தகம் வந்துவிட்டது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய் 'கைது செய்யுங்கள்' என்று நின்ற கூட்டத்தைப் போலீஸார் சுட்டார்கள். இறந்தவர்கள் 69 பேர் என்பது அரசுக் கணக்கு, பலருக்கு முதுகில் குண்டு. அடுத்த மாதமே மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸுக்கும் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸுக்கும் தடை, அடுத்த வருடம் ஆயுதப் போராட்டம். பாஸ் சட்டம் ஒழிய 1986 ஆனது. எல்லோரும் ஓட்டுப் போட 1994.

மண்டேலா பதவியேற்றதும் அதே யூனியன் பில்டிங்ஸில்தான். 2000இல் அங்கே அந்தப் பெண்களுக்கு நினைவுச்சின்னம் திறந்தார்கள். ஆளுயரச் சிலை எதுவும் இல்லை. வெண்கலத் தகட்டின் மேல் அரைக்கும் கல் ஒன்று, அவ்வளவுதான்.

சரி, பருப்பு குழைந்துவிட்டிருக்கும். அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.