வலையில் ஏறியது மீனா, காட்டு விலங்கா?

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளே, வணக்கம்.

'கடல் சட்டங்கள்' பற்றிப் பேசுவேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் சொல்ல இந்த ராத்திரி போதாது. ஒரே ஒரு ஜீவனை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கண் கிடையாது, முள் கிடையாது, தொட்டால் ஓடவும் தெரியாது. கடல் அட்டையைத்தான் சொல்கிறேன்.

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், கைவிலங்கு மாட்டிய காயம் இன்னும் ஆறாத ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சார், நான் கடலுக்குள்ள முங்கி எடுத்தேன். என்னை எதுக்கு சார் காட்டுக்காரங்க பிடிச்சாங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான், அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை அவன் ஊரில் யாருமே சொன்னதில்லை என்று புரிந்தது.

பதில் இதுதான். கடலில் நமக்கு மேலே ஒன்றல்ல, இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. முதலாவது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. அதைப் பார்ப்பது மீன்வளத் துறை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி, அதாவது இழுவலை, இழுக்கக் கூடாது, இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டை மடி கூடாது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், இதெல்லாம் நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்பது. தடைக்காலம் முதலில் 45 நாளாக இருந்தது, 2017-இல்தான் 61 ஆனது. மீறினால் அதிகாரி முன் விசாரணை, அபராதம், உரிமம் நிறுத்தம். வலிக்கும், ஆனால் அடுத்த சீசனில் எழுந்துவிடலாம்.

இரண்டாவது, 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இது வேறு ஜாதி. இதன் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது, யானை இருக்கிறது, மயில் இருக்கிறது. 2001 ஜூலையிலிருந்து கடல் அட்டையும் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள உயிரைப் பிடித்தாலே சட்டத்தின் பார்வையில் அது வேட்டை. தண்டனை 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வருஷம் வரை போகலாம். அபராதம் முன்பு குறைந்தது 10,000 ரூபாய். 2023 ஏப்ரல் 1 முதல் 25,000. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்பதால் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளவும் வழி இல்லை. இன்னொன்று: சாதாரண வழக்கில் குற்றத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும். இதில் அட்டை இருந்த சாக்குமூட்டை உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், அது முறையானதுதான் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழுகிறது. மூட்டையைச் சும்மா வைத்திருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வைக்கச் சொன்னார் என்பதெல்லாம் வாசலைத் தாண்டாது.

அட்டைக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? இதில் நாம் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும்.

அட்டை மணலைத் தின்கிறது. அதிலுள்ள அழுகலை ஜீரணித்துவிட்டு, மணலைச் சுத்தமாக வெளியே விடுகிறது. வயலுக்கு மண்புழு எப்படியோ, மன்னார் வளைகுடாவுக்கு இது அப்படி. இதன் ஆணும் பெண்ணும் சேர்வதில்லை. ஆண் விந்தைத் தண்ணீரில் விடும், பெண் முட்டையைத் தண்ணீரில் விடும், இரண்டும் நீரோட்டத்தில் சந்தித்தால் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் சந்திக்கும். நாம் பத்துக்கு எட்டை எடுத்துவிட்டால் மிச்ச இரண்டும் உயிரோடு கிடக்கும், ஆனால் குடும்பம் நடத்தாது. 'இன்னும் அங்கங்கே கிடக்குதே சார்' என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் அப்படித்தான் எடுத்தோம். 1982-இல் 3 அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வெள்ளை அட்டை என்கிற இனத்தின் குட்டிகளை எடுப்பது நின்றதா? மூத்தவர்கள் சிலர் இங்கே தலையைக் குனிகிறார்கள், பேர் சொல்ல மாட்டேன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, அண்டாவில் அவித்து, ராத்திரி முழுக்க மணலில் புதைத்து, மேலே உள்ள சுண்ணாம்புத் தோல் கழன்றதும் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்தால், உள்ளங்கை நிறைய இருந்தது விரல் பருமனுக்குச் சுருங்கிவிடும். ஒரு கிலோ காய்ந்த சரக்குக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒருத்தரும் இதைத் தின்பதில்லை. எல்லாம் சீனத்துச் சமையலுக்கு.

ஆக, கட்டுப்பாடு வேண்டும். ஆனால் வந்த விதம் சரியா என்று கேட்டால், சரியில்லை என்பேன். 2001-இல் அட்டையைச் சேர்த்த அதே உத்தரவில் எல்லாச் சுறாவையும் திருக்கையையும் சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், டிசம்பருக்குள் பட்டியலைப் பத்து இனமாகச் சுருக்கினார்கள். அட்டை மட்டும் அப்படியே நின்றது. சுறாவுக்குப் பேச விசைப்படகு இருந்தது, அட்டைக்குப் பேச முங்குகிறவன் மட்டும்தான் இருந்தான் என்பது என் கணிப்பு.

சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள். 57 மில்லிமீட்டர் குறுக்களவு இல்லாத சங்கை எடுக்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஒரு வளையம் உண்டு. சங்கு வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் குஞ்சு, திரும்பக் கடலில் போடு. நுழையாவிட்டால் கரைக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் அந்தச் சட்டம் விரலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற நம் பெண்கள் மாதம் 12 நாள்தான் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அளவு, காலம், உரிமம் என்று போயிருக்க வேண்டிய அட்டை, ஒரே நாளில் புலியோடு சேர்ந்தது. அவிக்கிற அடுப்பு கடற்கரையிலிருந்து காட்டுக்கருவை மறைவுக்குப் போனது, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஒன்று. வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கலாம் என்று 1988-இல் உலகத்துக்கே முதலில் செய்து காட்டியது நம் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். இன்று அந்த வித்தை வேறு நாடுகளில் பிழைப்பாகிவிட்டது. எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், அட்டைப் பண்ணை நடக்கிறது. அதனால் கரைவலையும் இறாலும் போச்சு என்று அங்குள்ள மீனவர்கள் சண்டையும் போடுகிறார்கள். இலங்கையில் உரிமத்தோடு அட்டை எடுக்கலாம், விற்கலாம். அதனால்தான் இங்கிருந்து களவாக ராத்திரிப் படகில் ஏறுகிற மூட்டை அந்தப் பக்கம் இறங்கியதும் நல்ல சரக்காகிவிடுகிறது. லாபம் அங்கே. கம்பி எண்ணுவது முங்கி எடுத்த பையனும், அடுப்பு மூட்டிய கிழவியும். நான் ஆஜரான வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் பெரிய வியாபாரி ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

சட்டம் மாற வேண்டும் என்று மனு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். மாறும் வரைக்கும் நான் சொல்வதை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மடியில் அட்டை, கடல் குதிரை, ஆமை, கடல் பசு எது ஏறினாலும் உயிரோடு அந்த இடத்திலேயே விடுங்கள். தப்ப விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் கொடுத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் வேட்டை என்று வந்தால் அதற்கும் இதே 3 முதல் 7 வருஷம்தான்.

பிடிபட்டுவிட்டால்? போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது என்று சினிமா பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். வனத்துறை உயரதிகாரி உங்கள் முன்னிலையில் எழுதுகிற வாக்குமூலம் அப்படி இல்லை, சாட்சியமாக வரும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காவலில் இருக்கிறவருக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தப் பையனுடைய அம்மாவுக்கு அது தெரியாது. வக்கீல் பீஸுக்காகத் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.