ஆணா பெண்ணா, முடிவெடுப்பது யார்?

மலையகத்து நேயர்களுக்கு வணக்கம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் உயிரியல் படிப்பித்தவன். லயத்துப் பக்கம் ஒரு பேச்சைக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடும்: "மூணாவதும் பொட்டப்புள்ளயா? மருமக ராசி அப்படி!"

நிறமூர்த்தம் என்பது கலத்துக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நூல். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் எக்ஸ், வை என்று இரண்டு வகை. தாயின் சூல் முட்டையில் இருப்பது எக்ஸ் மட்டும்தான். தகப்பனின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் வை. வை வந்து சேர்ந்தால் பையன். இதில் மருமகளுக்கு என்ன பங்கு? அதற்காக மகனை ஏசிவிடாதீர்கள். எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை.

இதைக் கண்டவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். தச்சர் மகள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக் காசு சேர்த்து, 35 வயதில்தான் பல்கலைக்கழகம் போனார். நம் பிள்ளைகளுக்கு இவர் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். தாய் சாப்பிடும் சாப்பாடுதான் பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இவர் பார்த்தது மாவில் கிடக்கும் புழுவை. ஆமாம், மாப்புழுதான்! பெண் புழுவின் கலங்களில் பெரிய நிறமூர்த்தங்கள் 20. ஆணில் பெரியவை 19, மற்றது குட்டி. விந்தணுக்களில் பாதிக்குத்தான் அந்தக் குட்டி போகிறது. அதைத்தான் நாம் வை என்கிறோம். 1905இல் எழுதி வெளியிட்டார், 1912இல் இறந்துபோனார்.

சரி, வை வந்தால் போதுமா? முதல் ஆறு வாரம் முளையத்தில், அதாவது வயிற்றில் வளரும் கருவில், ஆண், பெண் வித்தியாசமே தெரியாது. எந்தப் பக்கமும் போகக்கூடிய ஓர் உறுப்புத்தான் இருக்கும். பிறகு வையில் உள்ள எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு (நிறமூர்த்தத்தில் ஒரு குணத்துக்கான சிறு துண்டு) கொஞ்ச நேரம் விழித்து, சொக்ஸ்9 என்ற இன்னொன்றை எழுப்பிவிடுகிறது. அந்த உறுப்பு விதையாகிறது, அதாவது விந்தணு உண்டாகும் ஆண் உறுப்பு. விதை சுரக்கும் ஓமோன்களில் ஒன்று, கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைக்கிறது. தெஸ்தொஸ்தரோன் ஆண் உறுப்புகளை வளர்க்கிறது. 1990இல் எஸ்ஆர்வையைக் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே, இரண்டு எக்ஸ் உள்ள எலி முளையத்தில் அதைச் சேர்த்தார்கள். விதையோடு ஆண் எலி வளர்ந்தது.

அப்படியானால் வை இல்லாவிட்டால் தானாகவே பெண் என்கிறார்களே? அது அரைகுறைப் பேச்சு. சூலகம் உருவாகவும் தனிப் பரம்பரையலகுகள் வேலை செய்ய வேண்டும். பெண்ணாவதும் வேலைதான் ஐயா.

அபூர்வமாக எஸ்ஆர்வை இடம் மாறி எக்ஸில் ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு எக்ஸோடு ஆண் உடல் வளரும். எஸ்ஆர்வை பழுதானால், வை இருந்தும் பெண் உடல். அப்படிப் பிறந்தவரை ஊர் பார்க்கிற பார்வையைப் பற்றித்தான் நான் அதிகம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். கோழியும் முதலையும் பாக்கி. கோழியில் தீர்மானிப்பது தாய்க்கோழியின் முட்டை, சேவலுக்குப் பங்கில்லை. முதலைக்கோ முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடு. வணக்கம்.